நீர்க்கடுப்பு கிளம்பும் இடம் குடல்!

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆய்வுக்காக மல மாதிரி வாங்கினார்கள். அவர்களில் யாரும் சிறுநீர்த் தொற்று என்று சிகிச்சைக்கு வந்தவர்கள் இல்லை. எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று எந்தப் புகாரும் கிடையாது. ஆனால், ஏறக்குறைய 9 சதவீதம் பேரின் குடலில் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு அசைந்துகொடுக்காத ஈ.கோலி கிருமி குடியிருந்தது. அந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை இரண்டே இரண்டு பரம்பரைகளைச் சேர்ந்தவை. உலகம் முழுக்கப் பெண்களுக்கு மருந்துக்கு அடங்காத சிறுநீர்த் தொற்றைக் கொண்டுவருவதில் அந்த இரண்டும் பேர்போனவை.

இந்தக் கிருமியைக் குடலில் வைத்திருந்த பெண்களிடம் அடுத்ததாகச் சிறுநீரையும் வாங்கிச் சோதித்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேரின் சிறுநீரிலும் அதே கிருமி இருந்தது. அப்போதும் அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நடக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், தூங்குகிறார்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எவ்கெனி சொகுரென்கோ குழு நடத்திய இந்த ஆய்வு, 2020-ல் ‘கிளினிக்கல் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்’ மருத்துவ இதழில் வெளியானது. சியாட்டிலில் நடந்ததென்று தள்ளிவைத்துவிட முடியாது. உலக அளவில் 2019-ம் ஆண்டில் மட்டும் 40 கோடிக்கும் அதிகமான சிறுநீர்த் தொற்றுகள் ஏற்பட்டதாகவும், அதனால் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகவும் ஒரு சர்வதேசக் கணக்கு சொல்கிறது. பெண்களில் பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. ஒருமுறை வந்தவர்களில் நாலில் ஒருவருக்குத் திரும்பவும் வருகிறது. நம் வீட்டுப் பெண்கள் இதை ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று சொல்லிவிட்டு, சீரகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்பார்கள்.

ஆரோக்கியமான ஒரு பெண்ணின் குடலில் சும்மா இருக்கிற கிருமி எப்போது, எப்படி, ஏன் நோயாக மாறுகிறது? இதற்கான பதில் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் நிறையத் தெளிவாகியிருக்கிறது. அந்தப் பதில், பெண்கள் மீது காலங்காலமாகப் போட்டுவந்த ஒரு பழியையும் சேர்த்தே துடைத்துப்போடுகிறது.

குழந்தையின் மலத்தில் கிடைத்த கிருமி

1885-ல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர், ஜெர்மனியின் மியூனிக் நகரில் பச்சிளம் குழந்தைகளின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்தவுடன் வெளிவரும் கரும்பச்சை மலத்தில் கிருமி எதுவும் தெரியவில்லை. சில மணி நேரத்துக்குள் கிருமிகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. அப்படி வந்தவற்றில், எல்லாக் குழந்தைகளிடமும் காணப்பட்ட குச்சி வடிவக் கிருமி ஒன்றை அவர் விவரித்து எழுதினார். அவர் இறந்த பிறகு அவருடைய பெயரையே அதற்கு வைத்தார்கள். அதுதான் ஈ.கோலி.

நம் குடலில் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்களில் ஈ.கோலியின் பங்கு நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. ஆனாலும் அது வைட்டமின் கே தயாரிக்க உதவுகிறது. குடலுக்குள் கசியும் ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்து, ஆக்ஸிஜன் ஆகாத மற்ற பாக்டீரியாக்களுக்கு வசதி செய்துகொடுக்கிறது. கூடவே வேறு நோய்க்கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறது. சிறுநீர்ப்பையில் தொற்றை உண்டாக்கும் வகைகளும் இதே குடும்பத்தில்தான் இருக்கின்றன. குடலில் இருக்கிறவரை அவை வயிற்றுப்போக்கைக்கூடக் கொண்டுவருவதில்லை. அதனால் அவை உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது.

சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுகளில் முக்கால்வாசிக்கு ஈ.கோலிதான் காரணம். அது வெளியிலிருந்து வருகிறதா, சொந்தக் குடலிலிருந்தே வருகிறதா என்ற கேள்வி வெகுநாளாக இருந்தது. 1997-ல் ஜப்பானிய மருத்துவர்கள், தொற்று வந்த பெண்களின் சிறுநீரிலிருந்த ஈ.கோலியையும் அதே பெண்களின் மலத்திலிருந்த ஈ.கோலியையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவர்களிடம் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. குடலிலிருந்து ஆசனவாய்க்கு வந்து, அங்கிருந்து பிறப்புறுப்பின் வாசலுக்கும் சிறுநீர்த் துவாரத்துக்கும் நகர்ந்து, உள்ளே ஏறுகிறது. ஆணுக்குச் சிறுநீர்க்குழாயின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்ணுக்கு வெறும் 4 சென்டிமீட்டர். துவாரமும் ஆசனவாய்க்குப் பக்கத்திலேயே அமைந்திருக்கிறது. உடலமைப்பே அப்படி.

ஆனாலும் காலங்காலமாக நாம் என்ன சொல்லி வந்திருக்கிறோம்? “சுத்தமா இருந்தா ஏன் வருது?” மாமியார் கேட்பார். கணவர் கேட்காமல் கேட்பார். சில மருத்துவர்களும் கேட்டுவிடுகிறார்கள். கல்யாணமான புதிதில் தொற்று வரும் பெண்ணுக்கு எரிச்சலைவிட இந்தக் கேள்வி அதிகம் வலிக்கும்.

இதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பத் தொற்று வரும் இளம்பெண்களையும் வராத பெண்களையும் ஒப்பிட்டு 2000-ல் ஒரு ஆய்வு வந்தது. அதுவும் சியாட்டில் பக்கம்தான். கழிவறையில் முன்னிருந்து பின்னாகத் துடைக்கிறார்களா, பின்னிருந்து முன்னாகவா என்பதில்கூட இரு பிரிவினருக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்த விஷயங்கள் வேறு: எத்தனை முறை தாம்பத்திய உறவு, விந்தணுக்கொல்லி கலந்த கருத்தடைச் சாதனங்கள், முதல் தொற்று 15 வயதுக்குள் வந்திருப்பது, அம்மாவுக்கும் இந்தத் தொந்தரவு இருந்திருப்பது. கடைசி இரண்டையும் எந்தச் சோப்பு போட்டுக் கழுவ முடியும்?

முன்னிருந்து பின்னாகத் துடைப்பது நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். அந்தப் பகுதியைக் கழுவுவதற்கென்றே வாசனை சேர்த்து விற்கும் திரவங்களை மட்டும் விட்டுவிடலாம். பிறப்புறுப்பில் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து ஈ.கோலி தங்கவிடாமல் காவல் காக்கின்றன. அவற்றைத் தொந்தரவு செய்வதற்குக் காசு கொடுப்பானேன்? மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இந்தக் காவலும் குறைகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் பலருக்குப் புதிதாக நீர்க்கடுப்பு தொடங்குவது இதனால்தான்.

இழுக்க இழுக்க இறுகும் பிடி

4 சென்டிமீட்டர் ஏறி உள்ளே போவது ஒரு வேலை. அங்கே நிலைத்திருப்பது அதைவிடப் பெரிய வேலை. சிறுநீர் வேகமாகப் பாய்ந்து, ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பதை அடித்துக்கொண்டு போகிறது. ஈ.கோலி எப்படித் தப்பிக்கிறது?

அதன் உடல் முழுக்க மயிரிழை போன்ற நீட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஃபிம்-ஹெச் என்ற புரதம். சிறுநீர்ப்பையின் உள்சுவரில் மானோஸ் என்ற சர்க்கரை ஒட்டியிருக்கிறது. ஃபிம்-ஹெச் அதைத்தான் பற்றிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், நீரோட்டம் இல்லாதபோது இந்தப் பிடி தளர்வாக இருக்கிறது. ஓட்டம் வேகமெடுத்து கிருமியை இழுக்கும்போதுதான் இறுகுகிறது. சுருக்குக் கயிற்றை இழுத்துப் பாருங்கள், அதே கதைதான். 2002-ல் இதை முதலில் நிரூபித்துக் காட்டிய குழுவிலும் சொகுரென்கோ இருந்தார். குடலில் இருக்கும் ஈ.கோலியின் ஃபிம்-ஹெச்சுக்கும் சிறுநீர்த் தொற்றில் கிடைத்த ஈ.கோலியின் ஃபிம்-ஹெச்சுக்கும் ஓரிரு எழுத்து அளவுக்கு மரபணு மாற்றம் இருப்பதையும், அந்தச் சின்ன மாற்றமே பிடியை வலுவாக்குவதையும் அவர் 1998-லேயே சொல்லியிருந்தார்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. சிறுநீரகம் ஒரு புரதத்தைச் சிறுநீரில் கலந்து அனுப்புகிறது. அதன் மேலும் மானோஸ் ஒட்டியிருக்கும். சுவரென்று ஏமாந்து அதைப் பற்றிக்கொள்ளும் கிருமி சிறுநீரோடு வெளியேறிவிடும். சிறுநீர்ப்பையின் மேல்தோல் செல்கள், கிருமி ஒட்டிவிட்டால் தாமாகவே கழன்று விழுந்துவிடுகின்றன. இவ்வளவையும் மீறிச் சில கிருமிகள் அந்தச் செல்களுக்கு உள்ளேயே புகுந்து, கூட்டமாகப் பெருகி ஒளிந்துகொள்கின்றன. செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்காட் ஹல்ட்கிரன் குழு 2003-ல் இதை எலிகளில் கண்டது. சில ஆண்டுகளில் தொற்று வந்த பெண்களின் சிறுநீரிலும் இதன் அடையாளங்கள் கிடைத்தன. மாத்திரை முடித்து இரண்டு வாரம் கழித்து, அதே எரிச்சல் திரும்பிவருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிருமி ஒன்று, உடம்பு வேறு

அப்படியானால், குடலில் ‘கெட்ட’ ஈ.கோலி வைத்திருப்பவர்களுக்குத் தொற்று வரும், ‘நல்ல’ ஈ.கோலி வைத்திருப்பவர்களுக்கு வராது. இவ்வளவு எளிதாக முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2022-ல் பிராட் ஆய்வு நிறுவனமும் ஹல்ட்கிரன் குழுவும் சேர்ந்து 31 பெண்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 15 பேர் அடிக்கடி தொற்று வருகிறவர்கள், மீதிப்பேர் ஆரோக்கியமானவர்கள். மாதந்தோறும் மல மாதிரி. நல்ல உடம்போடு இருந்த பெண்களின் குடலிலும் தொற்றை உண்டாக்கக்கூடிய ஈ.கோலி, நோய் வரும் பெண்களின் குடலில் இருந்த அளவுக்கே வந்துபோய்க்கொண்டிருந்தது. ஆக, கிருமியை வைத்து இவர்களையும் அவர்களையும் பிரிக்க முடியவில்லை. வித்தியாசம் அக்கம்பக்கத்தில் இருந்தது. அடிக்கடி தொற்று வரும் பெண்களின் குடலில் பாக்டீரியா வகைகளே குறைவு. குறிப்பாக, பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலத்தைத் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன. உடம்பின் அழற்சியைத் தணித்துவைப்பதில் பியூட்டிரேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இரு பிரிவினரின் ரத்தத்திலும் நோயெதிர்ப்புச் செல்களின் போக்கு வேறுபட்டிருந்தது. ஒரே கிருமியை ஒரு பெண்ணின் உடம்பு சத்தமில்லாமல் வெளியேற்றிவிடுகிறது. இன்னொரு பெண்ணின் உடம்பு ரணகளமாக்கிவிடுகிறது.

31 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். இதை வைத்துக்கொண்டு தயிர் சாப்பிட்டால் சரியாகிவிடும், நார்ச்சத்து மாத்திரை வாங்குங்கள் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். ஆனால், அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியை விடக் கூடாது. தொற்றுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் சிறுநீர்ப்பையிலிருந்த கிருமியைத் துடைத்தது. குடலிலிருந்த அதே கிருமியை ஒழிக்கவில்லை. ஆறு தடவை தொற்றுக்கு ஆறு கோர்ஸ் மாத்திரை. ஒவ்வொரு கோர்ஸிலும் குடலிலிருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் அடிபடுகின்றன. ஈ.கோலி அங்கேயே உட்கார்ந்து அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கிறது.

லட்சம் என்ற கணக்கு

ஒரு லேப்புக்குள் போய்ப் பார்ப்போம். “அக்கா, முதல்ல கொஞ்சம் விட்டுட்டு, நடுவுல வர்றதப் பிடிங்க. டப்பாவோட உள்பக்கம் கை படாம பாத்துக்கங்க.” டெக்னீஷியன் பெண் சொல்லிக் கொடுக்கிறார். டப்பா திரும்பி வந்ததும் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். இரண்டு மணி நேரத்துக்குள் கல்ச்சர் போட வேண்டும். இல்லையென்றால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே வைத்தால், ஒன்று இரண்டாகப் பெருகச் சுமார் 20 நிமிடமே எடுக்கும் ஈ.கோலி, இல்லாத தொற்றை உண்டாக்கிக் காட்டிவிடும்.

நுனியில் குட்டி வளையமுள்ள கம்பியைச் சிறுநீரில் தொட்டு எடுக்கிறார். அந்த வளையத்தில் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நிற்கும். அதை, கிருமி வளர்க்கும் மெக்கான்கி அகார் தட்டில் இழுத்துவிட்டு, 37 டிகிரியில் இரவு முழுக்க வைக்கிறார். காலையில் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக ஈ.கோலி முளைத்திருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் ஆயிரம் கிருமிக்குச் சமம். நூறு புள்ளி என்றால் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம். பிறகு அந்தக் கிருமியை இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து தடவிய குட்டிக் குட்டிக் காகித வில்லைகளை மேலே வைக்கிறார். மறுநாள் வில்லையைச் சுற்றி வெறுமையான வட்டம் தெரிந்தால் மருந்து கேட்கிறது. வில்லையின் விளிம்புவரை கிருமி நெருக்கியடித்து வளர்ந்திருந்தால், அந்த மருந்து வீண். சிப்ரோ வில்லையைச் சுற்றி வட்டமே இல்லாத தட்டுகள் இன்று நம் ஊர் லேப்களில் சர்வசாதாரணம்.

இந்த லட்சக் கணக்கைக் கொடுத்தவர் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எட்வர்ட் காஸ். 1950-களில், சிறுநீரகத் தொற்றோடு வந்த பெண்களின் சிறுநீரையும் நலமாக இருந்த பெண்களின் சிறுநீரையும் எண்ணிப் பார்த்து அவர் வகுத்த எல்லை அது. 1982-ல் சியாட்டிலைச் சேர்ந்த வால்டர் ஸ்டாம், எரிச்சலோடு வரும் பெண்ணுக்கு ஒரு லட்சம் வரை காத்திருக்கத் தேவையில்லை, நூறு ஈ.கோலியே போதும் என்று காட்டினார். 2012-ல் சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். தொற்று இல்லாத பெண்களின் சிறுநீர்ப்பையிலிருந்து ஊசி மூலமும் குழாய் மூலமும் நேரடியாக எடுத்த சிறுநீரிலேயே பாக்டீரியாக்களின் மரபணுக்கள் இருந்தன. சிறுநீர் கிருமியற்றது என்று பாடப்புத்தகத்தில் படித்ததெல்லாம் அத்தோடு போயிற்று.

இதிலிருந்து ஒரு வீட்டுப் பெண்ணுக்கு என்ன தெரிய வேண்டும்? சிறுநீரில் கிருமி இருப்பது வேறு; தொற்று நோய் வேறு. மாஸ்டர் ஹெல்த் செக்-அப் போகிறோம். ரிப்போர்ட்டில் ‘பஸ் செல்ஸ் (சீழ் செல்கள்) 8-10’ என்று தடித்த எழுத்தில் வருகிறது. பயந்து கல்ச்சர் கொடுக்கிறோம். ஈ.கோலி ஒரு லட்சம் என்று வருகிறது. எரிச்சல் உண்டா? இல்லை. காய்ச்சல்? இல்லை. ஆனாலும் ஏழு நாள் மாத்திரை. இது தேவையில்லாத வைத்தியம். அறிகுறி இல்லாத கிருமிக்குச் சிகிச்சை வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. விதிவிலக்கு உண்டு. கர்ப்பிணிகளுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சோதித்து, கிருமி இருந்தால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். விட்டால் சிறுநீரகத் தொற்றில் கொண்டுபோய் விடும். சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியும்படியான அறுவைச் சிகிச்சைக்கு முன்னாலும் அப்படித்தான்.

தேவையில்லை என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. 2012-ல் இத்தாலிய மருத்துவர்கள், அடிக்கடி தொற்று வந்து, அப்போதைக்கு அறிகுறியின்றி சிறுநீரில் கிருமி மட்டும் இருந்த இளம்பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவைச் சும்மா விட்டார்கள். ஒரு வருட முடிவில், மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகமாகத் தொற்று வந்திருந்தது. சாதுவாக இருந்த கிருமியை விரட்டி, முரட்டுக் கிருமிக்கு இடம் காலிசெய்து கொடுத்திருக்கிறார்கள்.

நம் குடலில் இருப்பது என்ன?

சியாட்டில் ஆய்வில் தலைகாட்டிய இரண்டு பரம்பரைகளில் ஒன்றின் பெயர் எஸ்.டி.131. 2008-ல் மூன்று கண்டங்களில் ஒரே நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்னொன்று எஸ்.டி.1193, அதற்குப் பிறகு கிளம்பியது. பொதுவாக, மருந்தை எதிர்க்கும் ஆற்றல் கிருமிக்கு ஒரு சுமை என்பார்கள். மருந்து இல்லாத இடத்தில் அது மற்றவற்றோடு போட்டிபோட முடியாமல் மங்கிவிடும். இந்த இரண்டும் மங்கவில்லை. மாத்திரை எதுவும் சாப்பிடாத குடலிலும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன, மற்ற ஈ.கோலியை ஓரங்கட்டுகின்றன. சியாட்டில் ஆய்வில் என்னை அதிகம் கவலைப்படவைத்த விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிக்கே போகாத பெண்ணிடம் ஆஸ்பத்திரிக் கிருமிக்கு நிகரானது குடியிருக்கிறது.

அமெரிக்காவில் 9 சதவீதம். இங்கே? நெதர்லாந்து மருத்துவர்கள் 2,001 பயணிகளை, வெளிநாடு போவதற்கு முன்பும் வந்த பின்பும் மலம் சோதித்து 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பென்சிலின், செஃபலோஸ்போரின் மருந்துகளைச் சிதைக்கும் நொதியுள்ள கிருமிகளைத் தேடினார்கள். போகும்போது அந்தக் கிருமி இல்லாமல் போய், இந்தியா உள்ளிட்ட தெற்காசியாவில் சுற்றிவிட்டுத் திரும்பியவர்களில் 75 சதவீதம் பேர் அதைக் குடலில் சுமந்துகொண்டு போனார்கள். பாதிப்பேருக்கு ஒரு மாதத்துக்குள் அது மறைந்துவிட்டது. பத்தில் ஒருவருக்கு ஒரு வருடம் கழித்தும் இருந்தது. அவர்கள் சில வாரம் இருந்துவிட்டுப் போனவர்கள். நாம் இங்கேயே சாப்பிட்டு, இங்கேயே தண்ணீர் குடித்து வாழ்கிறோம்.

மருந்துக்கு அடங்காத கிருமி இங்கே இவ்வளவு பரவியதற்கு ஒரு காரணம் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் தெரியும். நீர்க்கடுப்பு என்று ஆண் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல நம் பெண்களுக்குக் கூச்சம். போன தடவை வாங்கிய காலி அட்டையை நீட்டுவார்கள். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல், கத்தரியால் நாலு மாத்திரை வெட்டிக் கொடுப்பார். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. நாலு மாத்திரையில் எரிச்சல் நின்றுவிடும். குடலில் தேர்வு எழுதித் தேறிய கிருமி மட்டும் மிஞ்சும். பண்ணைக் கோழிக்கும் வளர்ச்சிக்காக மருந்து போடுகிறோம். கொலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் கலக்க 2019-ல்தான் மத்திய அரசு தடைபோட்டது. எஸ்.டி.131-ன் ஒரு கிளை கோழி இறைச்சி வழியாகப் பெண்களின் சிறுநீர்ப்பை வரை வந்திருப்பதற்கான தடயங்களை அரிசோனா மாநிலத்தில் ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டார்கள். இதையெல்லாம் எச்சரித்துத்தான் 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள், சென்னைப் பிரகடனம் என்ற பெயரில் ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கு ஒரு திட்டம் கொடுத்தன. சட்டம் வந்தது. கத்தரி இன்னும் கடையில்தான் இருக்கிறது.

நைட்ரோஃபியூரண்டாயின் என்ற மருந்து 1953-லிருந்து இருக்கிறது. பழசு, விலையும் குறைவு. இன்றும் நம் நாட்டு ஈ.கோலிகளில் பெரும்பாலானவை அதற்குக் கட்டுப்படுகின்றன. அது சிறுநீரில் போய்ச் செறிந்து வேலை செய்கிறது, குடல் பாக்டீரியாக்களை அதிகம் சீண்டுவதில்லை. குடலில்தான் கிருமி ஊறுகிறது என்று தெரிந்த பிறகு, இந்தக் குணத்தின் அருமை புரியும். சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கு இது உதவாது. சிறுநீரகச் செயலிழப்பு இருப்பவர்களுக்கும் கூடாது. அதனால் மருத்துவர்தான் எழுத வேண்டும். சிப்ரோ வகை மருந்துகளை, வேறு வழி இருக்கும்போது சாதாரண நீர்க்கடுப்புக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-லேயே எச்சரித்துவிட்டது. தசைநார் அறுவது உள்ளிட்ட பக்கவிளைவுகளே காரணம். 2025 மார்ச்சில் ஜெபோடிடாசின் என்ற புதுவகை மாத்திரைக்கு அங்கே அனுமதி கிடைத்திருக்கிறது. அதையும் நாலு நாலாக வெட்டி விற்றால் எத்தனை வருடம் தாங்கும்?

தண்ணீரும் கழிவறையும்

குடலிலிருந்து ஈ.கோலியை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் தேவையில்லை. அது ஏறாமல், ஏறினாலும் தங்காமல் பார்த்துக்கொள்ளலாம். இதில் எது வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்த்த விஷயங்கள் உண்டு.

தண்ணீர் வேலை செய்கிறது. அடிக்கடி தொற்று வரும், குறைவாக நீர் குடிக்கும் 140 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. வழக்கத்தைவிடத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 1.7 தடவை தொற்று. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3.2. பச்சைத் தண்ணீர் இதைச் செய்திருக்கிறது. நம் வீட்டு நீர்மோரும் பார்லித் தண்ணீரும் அந்தக் கணக்கில் தாராளமாகச் சேரும். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அசாத்தியப் பலன் தருகிறது. 1993-ல் வந்த ஆய்வில் கிரீம் பயன்படுத்தியவர்களுக்கு ஆண்டுக்கு 0.5 தடவையும், மற்றவர்களுக்கு 5.9 தடவையும் தொற்று வந்தது. முப்பது வருடமாகத் தெரிந்த இந்த வைத்தியத்தை நம் ஊரில் எத்தனை அம்மாக்களிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? கிரான்பெர்ரிக்கு மிதமான பலன் உண்டு. ஈ.கோலியின் பிடியை ஏமாற்ற மானோஸ் பொடி குடித்தால் போதும் என்ற யோசனை கேட்க அழகாக இருந்தது. பிரிட்டனில் 598 பெண்களிடம் சோதித்தபோது பலிக்கவில்லை.

ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடி என்று சொல்வது எளிது. குடித்த பெண் எங்கே போவாள்? ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கும் பெண், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மா, கழிவறையில் கதவில்லாத பள்ளியில் படிக்கும் மாணவி, பந்தோபஸ்தில் நிற்கும் பெண் காவலர் எல்லோரும் ஒரே தந்திரத்தைத்தான் கைக்கொள்கிறார்கள்: தண்ணீரே குடிக்காமல் இருப்பது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. நல்ல காரியம். உட்கார இடம் வாங்கிய பெண்களுக்கு, எழுந்து கழிவறைக்குப் போக நேரமும், போனால் தண்ணீர் வரும் குழாயும் இன்னும் பல இடங்களில் இல்லை. நீர்க்கடுப்பு தடுப்புத் திட்டம் என்று அரசு ஒன்று போட நினைத்தால், மாத்திரைக்கு முன்னால் கழிவறைக்குப் பணம் ஒதுக்கட்டும்.

குளிரோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், கர்ப்பம், கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகிய எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் ஒருநாள்கூட கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி இருந்தால், கர்ப்பிணியாக இல்லாத பட்சத்தில், “இதுக்கு மாத்திரை அவசியமா டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வருடத்தில் இரண்டு, மூன்று தடவை எரிச்சல் வருகிறவர்கள், முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள். மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால், எந்த மருந்து கேட்கும் என்று சொல்லக் கிருமி தட்டில் முளைக்காமலே போய்விடலாம்.